பனிக்காலப் பறவை ஓவியம்: எதைக் கவனிப்பது?

சீன ஓவியங்களில் பூத்த பிளம் கிளையில் மேக்பை பறவை உட்கார்ந்திருந்தால் அது ஒரு சிலேடை. பிளம் மரத்துக்கும் புருவத்துக்கும் சீனத்தில் ஒரே ஒலி: 'மெய்'. மேக்பையின் பெயரிலேயே 'மகிழ்ச்சி' இருக்கிறது. சேர்த்துப் படித்தால் 'புருவ நுனியில் மகிழ்ச்சி'. இரண்டு மேக்பை என்றால் இரட்டை மகிழ்ச்சி, அதாவது கல்யாண வாழ்த்து. வெண்தலைச் சின்னான் (வெள்ளைத் தலை கொண்ட புல்புல் பறவை) ஜோடி, தலை நரைக்கும்வரை சேர்ந்து வாழ்வதைக் குறிக்கும்.

நீங்களே வரைவதானால் பூவில்தான் பலரும் சறுக்குவார்கள். பிளம் பூவுக்கு 5 வட்ட இதழ்கள். காம்பு இல்லாததுபோல் கிளையோடு ஒட்டியிருக்கும். நீண்ட காம்பும் இதழ் நுனியில் பிளவும் போட்டால் அது செர்ரி ஆகிவிடும். இலை வேண்டாம், இலை துளிர்க்குமுன்பே பூத்துவிடும் மரம் இது.

பனிக்கு வெள்ளைச் சாயம் பூசாதீர்கள். காகிதத்தை அப்படியே விட்டுவிட்டு, வானத்துக்கு மட்டும் நீர்த்த மை கொடுங்கள்; பனி தானாகத் தெரியும். ஈர மையின் மேல் வெள்ளை போட்டால் சாம்பல் சேறுதான் மிஞ்சும்.

குளிரில் பறவை இறகைச் சிலிர்த்துக் கழுத்தை உள்ளிழுக்கும். உடல் கிட்டத்தட்ட உருண்டை. ஒல்லியாக வரைந்தால் கோடைப் பறவை.