அடுத்த ஏழு நாள் வெயில்: மண்டல முன்னறிவிப்பை எப்படிப் படிப்பது?

மார்ச் முதல் மே வரையிலான மூன்று மாதங்களை இந்திய வானிலை ஆய்வுத் துறை கோடைப் பருவமாகக் கொள்கிறது. இந்த மாதங்களில் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் தமிழகம், புதுவை, காரைக்கால் பகுதிகளுக்கு நாள்தோறும் வெளியிடும் அறிக்கையில் அடுத்து வரும் நாள்களுக்கான மழை வாய்ப்பு, வெப்பநிலைப் போக்கு, எச்சரிக்கை ஆகியவை அடங்கியிருக்கும். ஆனால் அது செய்தியாகி நம்மை வந்தடையும்போது பெரும்பாலும் ‘வெயில் சதமடித்தது’ என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுகிறது. 100 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது 37.8 டிகிரி செல்சியஸ்தான். அந்த எண்ணுக்கு வானிலைக் கணக்கில் தனிச் சிறப்பு ஏதுமில்லை. வரும் வாரத்தைத் திட்டமிட விரும்புபவர் மூல அறிக்கையைப் படிப்பதே நல்லது.

முதலில் பார்க்க வேண்டியது வெப்பநிலை இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை. ‘இயல்பை ஒட்டி இருக்கக்கூடும்’, ‘இயல்பைவிட 2 முதல் 3 டிகிரி அதிகமாக இருக்கக்கூடும்’ என்று அறிக்கையில் வரும் சொற்கள், அந்தந்த ஊரின் நீண்ட காலச் சராசரியோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுபவை. மே மாதத்து வேலூரில் 39 டிகிரி என்றால் அது வழக்கமான வெயில். 2024 ஏப்ரல் இறுதியில் உதகமண்டலத்தில் பதிவான 29 டிகிரியோ இயல்பைவிட 5 டிகிரிக்கும் மேல் கூடுதல். இத்தனைக்கும் அதை வெப்ப அலை என்று வகைப்படுத்த இயலாது, ஏனெனில் மலைப்பகுதியில் 30 டிகிரியையும், சமவெளியில் 40 டிகிரியையும், கடலோரத்தில் 37 டிகிரியையும் எட்டிய பிறகே, இயல்பிலிருந்து 4.5 டிகிரியோ அதற்கு மேலோ விலகியிருக்கிறதா என்ற கேள்வி எழும். ஆகவே ‘வெப்ப அலை எச்சரிக்கை இல்லை’ என்ற வரியை ‘கவலையில்லை’ என்று பொருள்கொள்ளக் கூடாது. மேலும், இந்த அளவுகள் எல்லாம் நிழலில், காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள் வைத்த வெப்பமானியில் எடுக்கப்படுபவை. தார்ச்சாலையில் நிற்பவருக்கு அறிக்கை சொல்வதைவிடக் கூடுதலான சூடு நிச்சயம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது காற்றின் திசை. என் கணிப்பில் முழு அறிக்கையிலும் இதுவே மிக முக்கியமானது. பலரும் தாண்டிச் செல்வதும் இதைத்தான். கோடையில் சூரியனின் உயரம் ஒரு வாரத்துக்குள் பெரிதாக மாறிவிடுவதில்லை. செவ்வாய்க்கிழமை 36 டிகிரியாக இருந்த சென்னை வியாழக்கிழமை 40 டிகிரியைத் தொடுவதற்குக் காரணம் பெரும்பாலும் காற்றுதான். நிலம் சூடேறச் சூடேறக் கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே புகுந்து, நண்பகலை ஒட்டிக் கடலோர வெப்பத்துக்குக் கடிவாளம் போடுகிறது. மேற்கு அல்லது வடமேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று வலுவாக வீசினால் கடற்காற்று பிற்பகல்வரை உள்ளே வர முடியாமல் நின்றுவிடும்; அந்தச் சில மணி நேரத் தாமதத்திலேயே வெப்பநிலை மூன்று நான்கு டிகிரி ஏறிவிடும். வங்கக்கடலில் உருவாகும் புயல் ஆந்திரம், ஒடிசா நோக்கி நகரும்போதும் இதே விளைவு ஏற்படலாம்: மழை வராததோடு, வறண்ட காற்றையும் அது நம் பக்கம் இழுத்துவிடும். எனவே அறிக்கையில் ‘மேற்கு திசைக் காற்று’ என்ற சொல்லைக் கண்டால், சென்னை முதல் நாகப்பட்டினம் வரையிலான கடலோரத்தார் வெளிவேலைகளைக் காலை பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளும்படி திட்டமிடலாம். கத்திரி வெயில் முடிந்த பிறகும் ஜூனில் வட கடலோரம் தகிப்பது, தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு வறண்ட காற்றாக இப்பக்கம் இறங்குவதால்தான். அதே காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே கோவைக்குக் குளுமை தருகிறது. பஞ்சாங்கத்தின் அக்னி நட்சத்திரக் கணக்கை வானிலை மையம் பயன்படுத்துவதில்லை என்பதையும் நினைவில் கொள்க.

‘கிழக்கு திசைக் காற்றும் மேற்கு திசைக் காற்றும் சந்திக்கும் பகுதி நிலவுகிறது’ என்ற தொடர் அடிக்கடி வரும். இது கோடை மழைக்கான அறிகுறி. ஈரக்காற்றும் வறண்ட காற்றும் மோதும் அந்தக் கோட்டை ஒட்டி, பிற்பகலில் வெப்பச்சலனத்தால், அதாவது சூடேறிய காற்று மேலெழுவதால், மேகம் திரண்டு, மலையோர, உள் மாவட்டங்களில் இடியுடன் மழை பெய்யும். ‘ஓரிரு இடங்களில்’ என்றால் ஒரு பகுதியின் மழைமானி நிலையங்களுள் கால் பங்குக்கு மிகாதவற்றில் மழை பெய்யும் என்று பொருள். அந்த வரியை நம்பித் துணி உலர்த்தாமல் இருக்க வேண்டியதில்லை. அதே சமயம் பக்கத்து ஊரில் மட்டும் கொட்டித் தீர்த்தால் முன்னறிவிப்பு பொய்த்துவிட்டதென்றும் சொல்ல முடியாது. ‘ஒருசில இடங்களில்’ என்பது பாதி நிலையங்கள் வரையிலும், ‘அநேக இடங்களில்’ என்பது முக்கால் பங்கு வரையிலும், ‘பெரும்பாலான இடங்களில்’ என்பது அதற்கு மேலும் குறிக்கும். ‘கனமழை’ என்ற சொல்லுக்கும் அளவு உண்டு: 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர், 12 முதல் 20 வரை மிக கனமழை.

ஈரப்பதத்தைப் பற்றி அறிக்கை ஒரே வரியில் முடித்துக்கொள்ளும்: ‘அதிக வெப்பநிலையும் அதிக ஈரப்பதமும் இருக்கும்பொழுது ஓரிரு இடங்களில் அசௌகரியம் ஏற்படலாம்.’ இந்த அடக்கமான வாக்கியத்துக்குப் பின்னே உள்ள செய்தி பெரிது. 36 டிகிரி வெப்பத்தோடு 60 விழுக்காடு ஈரப்பதம் சேர்ந்தால், வியர்வை ஆவியாக வழியின்றி, உடல் உணரும் வெப்பம் 47 டிகிரியை ஒட்டிச் செல்கிறது. ஆகவே கரூர் பரமத்தியின் 40 டிகிரியைக் கண்டு, கடலோரத்தில் 36 டிகிரியில் இருப்பவர் ஆறுதல் கொள்ள வேண்டாம். குறைந்தபட்ச வெப்பநிலையையும் பாருங்கள். இரவிலும் 29 டிகிரிக்குக் கீழ் இறங்காத நாள்கள் தொடர்ந்தால் முதியோருக்கும் குழந்தைகளுக்கும் பகல் வெயிலின் களைப்பு தீராது.

ஏழு நாள்களையும் ஒரே அளவில் நம்பவும் கூடாது. முதல் மூன்று நாள்களுக்கான கணிப்பை வைத்து முடிவெடுக்கலாம். அதற்குப் பிந்தையதைப் போக்கு என்று மட்டும் கொண்டு, நாள்தோறும் புதிய அறிக்கையோடு ஒப்பிட வேண்டும். 2019 ஏப்ரல் இறுதியில் வங்கக்கடலில் உருவான ஃபானி புயல் வட தமிழகக் கரையை நெருங்கலாம் என்று முதலில் கருதப்பட்டது; பலர் மழைக்குக் காத்திருந்தனர். புயலோ திரும்பி, மே 3 அன்று ஒடிசாவின் புரி அருகே கரையைக் கடந்தது. ஐந்தாம் நாளில் மழை என்று படித்துவிட்டுத் திருமணப் பந்தலை மாற்றுவது அவசரம். மூன்றாம் நாள்வரை அந்தக் கணிப்பு நிலைத்திருந்தால் மாற்று ஏற்பாட்டைத் தொடங்கலாம்.

நிற எச்சரிக்கைகளில் மஞ்சள் கவனித்திருக்கவும், ஆரஞ்சு ஆயத்தமாகவும், சிவப்பு உடனே செயல்படவும் சொல்கின்றன. கோடை இடிமழை ஓரிரு மணி நேரத்துக்குள் திரள்வதால், மழை சொல்லப்பட்ட நாளன்று வாராந்திர அறிக்கையை மூடிவைத்துவிட்டு, மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பையும் ரேடார் படத்தையும் பார்ப்பதே சரி. வயலிலோ திறந்த வெளியிலோ வேலை செய்பவர்கள் மின்னலை அறிய ‘தாமினி’ செயலியைக் கைபேசியில் வைத்துக்கொள்ளலாம். 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் சுற்றளவுகளில் விழும் மின்னலை அது காட்டும். இடியோசை கேட்டதும் கூரையுள்ள கட்டடத்துக்குள் செல்லுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பின்னரே வெளியே வாருங்கள்.