வார இறுதியில் பழைய வீட்டைச் சரிசெய்வது: முதலில் ஓதம், அப்புறம்தான் பெயிண்ட்

பழைய வீட்டைப் புதுப்பிக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் வாங்குவது பெயிண்ட் டப்பா. நானும் அப்படித்தான். கோத்தகிரியில் தாத்தா கட்டிய வீடு. செங்கல்லை மண் சாந்தில் வைத்துச் சுண்ணாம்பு பூசியது. கோவையிலிருந்து சனிக்கிழமை ஏறி ஞாயிறு இறங்குவேன். போன வருடம் கொத்தனார் ஒருவர் பேச்சைக் கேட்டு, பெயர்ந்த இடமெல்லாம் சிமெண்ட் பூசி பெயிண்ட் அடித்தேன். ஐப்பசி மழை முடிந்து போய்ப் பார்த்தால், முழங்கால் உயரம் இருந்த ஓதம் இடுப்புக்கு ஏறியிருந்தது. பெயிண்ட் அப்பளமாய் உப்பி, தொட்டதும் பின்னாலிருந்து வெள்ளை உப்பு கொட்டியது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்தார். "உள்ள போன தண்ணி வெளிய வர வழி வேணாமா தம்பி? சிமெண்ட்டைப் பூசி அடைச்சுட்டியே."

சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஈரம் காய்ந்துவிடும். சிமெண்ட் விடாது, அதனால் மேலே ஏறுகிறது. இந்த வருடம் நான் செய்த வரிசை இது.

முதல் வாரம்: பார்ப்பது மட்டும்

ஈரமான இடத்தில் ஒரு முழ அகலத்துக்கு அலுமினியத் தாளை வைத்து, நாலு ஓரமும் டேப் ஒட்டுங்கள். சனி காலை ஒட்டினால் ஞாயிறு மாலை பிரிக்கலாம். அறைப் பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் அது காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும். சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் தண்ணீர் சுவருக்குள் இருக்கிறது.

இரண்டாம் வாரம்: வீட்டுக்குப் பின்னால்

மலைச்சரிவில் வெட்டிக் கட்டிய வீடுகளில் மேட்டுப் பக்கத்து மண் சரிந்து சரிந்து சுவரோடு சாய்ந்திருக்கும். எங்கள் வீட்டில் உள்தரையைவிட ஒன்றரை அடி உயரம்! அந்த மண்ணை அள்ளி, பழைய கால்வாயைத் திறந்து விடுங்கள். விழுந்த மண்ணை மட்டும் அள்ளுங்கள். சரிவில் கடப்பாரை வைக்காதீர்கள். 2009 நவம்பர் மண்சரிவு இங்கே யாருக்கும் மறக்கவில்லை. உடைந்த ஓடுகளையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

மூன்றாம் வாரம்: சிமெண்ட்டைக் கொத்துவது

சுத்தியல் காம்பால் தட்டினால் 'டொப்' என்று கேட்கும் இடமெல்லாம் பெயரும். உளியைச் சாய்த்துப் பிடியுங்கள், செங்கல் உடையக் கூடாது. கொத்தியபின் அவசரம் வேண்டாம். நான் ஆறு வாரம் காயவிட்டேன், நடுவில் உப்பைத் தூரிகையால் தட்டிவிட்டதோடு சரி.

பூச்சு

சுட்ட சுண்ணாம்பை நீங்களே நீற்ற வேண்டாம், கொதித்துத் தெறிக்கும். ஊறிய சுண்ணாம்பாகவே வாங்குங்கள். சலித்த மணல் மூன்று பங்குக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சுவரை நன்றாக நனைத்து, ஒரு பூச்சு 10 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் கரணையால் அழுத்திப் பூசுங்கள். பனி கொட்டும் மார்கழி, தை இதற்கு ஆகாது.

வார இறுதிக்காரர்களுக்குச் சிக்கல் இங்கேதான். பூசிய சுவர் ஒரு வாரமாவது ஈரமாக இருக்க வேண்டும். நாமோ திங்கள்கிழமை ஆபீசில். பூச்சின் மேல் படுகிற மாதிரி சாக்கைத் தொங்கவிட்டு, தினமும் தண்ணீர் தெளிக்கப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தேன். அப்படி ஆள் கிடைக்காவிட்டால் ஒரு வாரம் லீவு போட்டுத் தங்க முடிகிற சமயமாகப் பார்த்துப் பூசுங்கள். நீலகிரிக்குள் வர வெளி மாவட்ட வண்டிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், அதை வெள்ளிக்கிழமையே எடுத்து வையுங்கள்.

பூச்சு காய்ந்தபின் பெயிண்ட் ஆசையை விட்டுவிட்டுச் சுண்ணாம்பையே பால் பதத்தில் கரைத்து மூன்று தடவை அடியுங்கள். முதல் தடவை பல்லிளிக்கும், பயப்படாதீர்கள். மிச்சச் சுண்ணாம்பின் மேல் தண்ணீர் நிற்கும்படி மூடி வைத்தால் கெடாது. எனக்கு இன்னும் சமையலறைச் சுவர் பாக்கி.