செஞ்சிக்கோட்டைக்கு முதல் முறை போகிறீர்களா? வீட்டிலிருந்து ராஜகிரி உச்சி வரை ஒரு வழிகாட்டி

மலை ஏறிப் பழக்கமில்லை, ஆனால் ஒரு கோட்டையையாவது ஏறிப் பார்க்க வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது செஞ்சியைத்தான். அடிவாரம் வரை தார் ரோடு, உச்சி வரை படிக்கட்டு, சென்னையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர், காலையில் கிளம்பினால் ராத்திரி வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அதனால் எளிது என்று நினைத்துவிடாதீர்கள். கோட்டையின் மூன்று மலைகளில் பெரியதான ராஜகிரி தரையிலிருந்து கிட்டத்தட்ட 800 அடி உயரம். முழுக்கப் பாறை. சரியான நேரத்தில் ஏறினால் ஆயுசுக்கும் மறக்காத காலைப்பொழுது, நேரம் தப்பினால் பாதியிலேயே திரும்ப வேண்டியதுதான்.

நான் முதல் தடவை போனபோது பாதியில்தான் திரும்பினேன். ஏப்ரல் மாதம், வீட்டை விட்டுக் கிளம்பும்போதே மணி எட்டு, வழியில் இரண்டு இடத்தில் சாப்பாடு, மலையடிவாரத்துக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில், மூன்று பேருக்கும் சேர்த்து இரண்டு லிட்டர் தண்ணீர். பாதி ஏறுவதற்குள் நண்பனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு புளியமர நிழலில் அரை மணி நேரம் படுக்க வைத்து, துண்டை நனைத்து முகத்தில் போட்டு, மெதுவாகக் கீழே கூட்டி வந்தோம். அன்றைக்குக் கற்றுக்கொண்டதைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: மாதமும் நேரமும்

டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. முடிந்தவரை இந்த மூன்று மாதத்துக்குள் போய்விடுங்கள். அக்டோபர், நவம்பர் மழையில் பச்சைப்பசேல் என்று இருக்கும், ஆனால் ஈரப் படியில் கால் வழுக்கும். மார்ச் பிறந்துவிட்டால் பாறை சூடேறிக் கீழிருந்தும் அனல் அடிக்கும். கோட்டை காலை ஒன்பது மணிக்குத் திறக்கும், ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். ராஜகிரிக்கு ஏற விடுவதைப் பிற்பகலில் அதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆக, ஒன்பது மணிக்கு வாசலில் நிற்பது மாதிரி கிளம்ப வேண்டும். சென்னைக்காரர்கள் என்றால் காலை ஐந்து மணிக்கு வண்டி நகர்ந்தாக வேண்டும்.

இரண்டாவது படி: வண்டியும் பையும்

பைக்கில் போகிறவர்கள் முந்தின நாளே டயர் காற்று, பிரேக், செயின், ஹெட்லைட் நான்கையும் பார்த்துவிடுங்கள். விடிவதற்கு முன் ஜிஎஸ்டி ரோட்டில், அதாவது சென்னையிலிருந்து தெற்கே போகிற நெடுஞ்சாலையில், லாரிகளுக்கு நடுவே போகப்போகிறீர்கள், மங்கலான ஹெட்லைட்டை வைத்துக்கொண்டு அந்த ரோட்டில் இறங்காதீர்கள். பைக்குக்கு டோல் கிடையாது. காருக்குப் பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பையில் தண்ணீர் ஆளுக்கு இரண்டரை லிட்டர், குறைக்கவே குறைக்காதீர்கள். ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு, கடலைமிட்டாய் அல்லது பேரீச்சம்பழம், தொப்பி, ஒரு பருத்தித் துண்டு. காலுக்கு ஷூதான், அதுவும் அடிப்பாகம் தேயாத ஷூ. பல காலம் ஆட்கள் ஏறி இறங்கிய கற்படிகள் சில இடங்களில் வழவழவென்று ஆகிவிட்டன, ரப்பர் செருப்பு அங்கே நிற்காது. பை ஜிப் வைத்த பையாக, முதுகில் மாட்டுகிற மாதிரி இருக்கட்டும். கையில் கவர் எதுவும் வேண்டாம், ஏனென்றால் மலை முழுக்கக் குரங்கு. கவர் சத்தம் கேட்டாலே பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். தின்பண்டத்தை வெளியே எடுக்காமல் நடந்தால் அவை பாட்டுக்கு இருக்கும்.

மூன்றாவது படி: ரோடு

தாம்பரம், செங்கல்பட்டு தாண்டி, மதுராந்தகம் ஏரிக்கரை வரும்போது பொழுது விடிய ஆரம்பிக்கும். அங்கே ஐந்து நிமிஷம் நின்று போகலாம், பரந்த ஏரி. காபிக்குக் கவலையே இல்லை, அந்த ரோடு நெடுக டிகிரி காபிக் கடைகள்தான். திண்டிவனத்தில் மட்டும் கவனம். மேம்பாலத்தில் ஏறி நேராக விழுப்புரம் பக்கம் போய்விடாமல் கீழே இறங்கித் திருவண்ணாமலை ரோட்டைப் பிடிக்க வேண்டும். அங்கிருந்து செஞ்சி இருபத்தெட்டு கிலோமீட்டர் மாதிரி. டிபனைச் செஞ்சி ஊரிலேயே முடித்துக்கொள்ளுங்கள், இரண்டு இட்லியோடு நிறுத்தினால் ஏறும்போது வயிறு தொந்தரவு செய்யாது.

பஸ்ஸில் வருவதென்றால் கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறி செஞ்சியில் இறங்குங்கள், அங்கிருந்து கோட்டைக்கு ஆட்டோ.

ஊரைத் தாண்டியதும் ரோடே கோட்டைக்குள் நுழைந்துதான் போகும். வலது பக்கம் கிருஷ்ணகிரி, இடது பக்கம் ராஜகிரி, தென்கிழக்கில் சந்திரகிரி. இந்த மூன்று மலையையும் மதில் கட்டி ஒன்றாக இணைத்ததுதான் செஞ்சிக்கோட்டை. மதிலின் சுற்றளவு ஏறக்குறைய 13 கிலோமீட்டர். டிக்கெட் வாங்கியதும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த மலை வாசலிலும் கேட்பார்கள்.

நான்காவது படி: முதலில் ராஜகிரி, மற்றதெல்லாம் அப்புறம்

உள்ளே போனதும் கல்யாண மஹால் கண்ணில் படும். மாடி மேல் மாடியாகக் கூம்பிக்கொண்டே போகிற அழகான கட்டடம். நெற்களஞ்சியம், குதிரை லாயம், ஆனைக்குளம் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும். எல்லோரும் இங்கேதான் ஒரு மணி நேரத்தைச் செலவழித்துவிட்டு வெயில் ஏறிய பிறகு மலைக்குப் போகிறார்கள். நீங்கள் நேராக மலைக்கு நடங்கள். இவை எல்லாவற்றையும் இறங்கி வந்து நிழலில் உட்கார்ந்து பார்க்கலாம்.

ஏறும்போது படிகளின் உயரம் ஒன்றுபோல இருக்காது. பாறை எப்படிப் போகிறதோ அப்படி வெட்டியிருக்கிறார்கள். வேகமாக நாற்பது படி ஏறி மூச்சிரைக்க நிற்பதை விட, பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில் போங்கள். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம், அவ்வளவுதான் கணக்கு. பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டு வாய் தண்ணீர், தாகம் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். முதல் முறை ஏறுகிறவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். தலை சுற்றினாலோ நெஞ்சு படபடத்தாலோ அதற்கு மேல் ஒரு படி கூட வேண்டாம், மலை அங்கேயேதான் இருக்கும்.

ஒரு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். ஏறும்போது எதிரிப் படையில் ஒரு ஆளாக உங்களை நினைத்துக்கொண்டு ஏறுங்கள். ஒரு வாசலைத் தாண்டினால் வழி சட்டென்று திரும்பும், திரும்பினால் அடுத்த மதில், அதற்கு மேலிருந்து உங்கள் தலையைக் குறி பார்க்கிற துளைகள். ஓடி வர முடியாது, கும்பலாக வர முடியாது. 1677இல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். பிறகு அவருடைய மகன் ராஜாராம் இங்கே வந்து இருந்தபோது ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் முற்றுகை போட்டு, கோட்டை கைக்கு வருவதற்கு 1698 வரை, ஏழு வருஷத்துக்கு மேல் ஆனது. ஏன் ஆனது என்பது அந்தப் படிகளில் உங்கள் முழங்காலுக்கே புரியும்.

கமலக்கண்ணியம்மன் கோயிலைத் தாண்டி மேலே போனால் வருகிற இடத்துக்காகத்தான் நான் திரும்பத் திரும்ப செஞ்சிக்குப் போகிறேன். உச்சிப் பாறை மலையிலிருந்து தனியாகப் பிளந்து நிற்கும். நடுவில் ஒரு ஆழமான பள்ளம். அந்தக் காலத்தில் அதன் குறுக்கே எடுத்துவிடக்கூடிய மரப்பாலம் இருந்தது. இப்போது நிலையான பாலம் போட்டிருக்கிறார்கள். நடுப்பாலத்தில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பாருங்கள். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, இடுக்கிலிருந்து ஜில்லென்று காற்று ஏறி வந்து வியர்வையில் படும். நிமிர்ந்தால் நேர் எதிரே வாசல். பாலத்தை எடுத்துவிட்டு அந்த வாசலில் கொஞ்சம் பேர் நின்றால் போதும், கீழே எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் என்ன செய்ய முடியும்? அங்கே நின்றுகொண்டு செல்ஃபி எடுக்கத் தள்ளுமுள்ளு செய்யாதீர்கள், குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

உச்சியில் ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, களஞ்சியம், ஒரு பீரங்கி. மதில் ஓரமாக நின்று பார்த்தால் மூன்று மலைக்கும் நடுவே மதில் முக்கோணமாக ஓடுவது கயிறு போட்ட மாதிரி தெரியும், வயல்களும் ஏரிகளும் அதற்கு அப்பால்.

ஐந்தாவது படி: இறங்குவது

முழங்கால் வலி வருவதெல்லாம் இறங்கும்போதுதான். குதித்து இறங்காமல், முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, உயரமான படிகளில் பக்கவாட்டாகக் கால் வையுங்கள். அடிவாரத்தில் செட்டிகுளம் பக்கம் ஒரு நிமிஷம் நில்லுங்கள். 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானோடு மோதி மாண்ட தேசிங்கு ராஜனையும், அவனோடு தீயில் இறங்கிய ராணியையும் இந்தக் குளக்கரையோடு சேர்த்துத்தான் ஊரில் சொல்கிறார்கள். தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் கேட்ட பாராசாரிக் குதிரை, சிநேகிதன் மகபத்கான் எல்லாம் அங்கே நிற்கும்போது வேறு மாதிரி மனதில் ஏறும்.

வெங்கடரமணர் கோயிலையும் விட்டுவிடாதீர்கள். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற உயரமான கல்தூண்கள் செஞ்சியிலிருந்து போனவைதான்.

ஆறாவது படி: தெம்பு மிச்சம் இருந்தால்

சாப்பிட்டு ஓய்வெடுத்த பிறகு கிருஷ்ணகிரி. சின்ன மலை, முக்கால் மணி நேரத்தில் ஏறலாம். உச்சியில் குவிமாடம் வைத்த மண்டபத்தில் நான்கு பக்கமும் காற்று வரும், பக்கத்திலேயே அந்தக் காலத்தில் எண்ணெய் சேமித்து வைத்த எண்ணெய்க் கிணறு. கால் முடியவில்லை என்றால் வண்டியிலேயே திருநாதர்குன்றுக்குப் போங்கள், ஊருக்கு வடக்கே கிட்டத்தில்தான். ஒரே பாறையில் இரண்டு வரிசையாகச் செதுக்கிய சமணர்களின் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்கள். ஐம்பத்தேழு நாள் உண்ணாமல் நோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரைச் சொல்லும் பழைய கல்வெட்டும் அங்கே இருக்கிறது. பெரும்பாலும் ஆளே இருக்காது.

2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியபோது தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை இதுதான். அதனால் இனிக் கூட்டமும் வரும், பிளாஸ்டிக்கும் வரும். குடித்த பாட்டிலைக் கீழே கொண்டுவந்துவிடுங்கள், மதிலில் பெயர் கீறுகிறவர்களைப் பார்த்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

நாலரை மணிக்குள் வண்டியை எடுத்துவிடுங்கள். ஏறி இறங்கிய உடம்பு, வண்டியில் உட்கார்ந்ததும் தூக்கம் சொக்கும். திண்டிவனத்தில் ஒரு டீ, முகம் கழுவிக்கொண்டு பதினைந்து நிமிஷம் கால் நீட்டி உட்காருங்கள், அப்புறம் ஜிஎஸ்டி ரோட்டில் ஏறுங்கள்.