செல்லம் கொடுக்கலாம், கேட்டவுடன் கொடுக்கக் கூடாது

சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்து முழங்காலைச் சுரண்டும் நாய்க்கு, அந்தப் பழக்கத்தை வீட்டில் யாரோ ஒருவர்தான் கற்றுக்கொடுத்திருப்பார். சுரண்டியது, ஒரு துண்டு விழுந்தது. நாயைப் பொறுத்தவரை கணக்கு அவ்வளவுதான். நாளைக்கு ஒன்பது முறை மறுத்துவிட்டுப் பத்தாவது முறை மனமிரங்கினாலும் அது பத்து முறையும் சுரண்டும். எப்போது விழும் என்று தெரியாத துண்டுக்காக நாய் காட்டும் பொறுமை, தவறாமல் விழும் துண்டுக்காகக் காட்டுவதைவிட அதிகம்.

ஆகவே செல்லத்தைக் குறைக்க வேண்டாம், அது போய்ச்சேரும் நேரத்தை மட்டும் மாற்றினால் போதும். குரைத்த பிறகு, சுரண்டிய பிறகு, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்ட பிறகு எதுவும் கிடையாது. அமைதியாகப் படுத்திருக்கும்போது தாராளமாகக் கொடுங்கள். கீழே உள்ளதெல்லாம் இந்த ஒரு விதியை வீட்டுக்குள் நடைமுறைப்படுத்தும் வழிகள்தான்.

முதலில் அளவு

நாய்க்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பாடு வேண்டும் என்பதைச் சாதாரணக் கால்குலேட்டரில் போட்டுவிடலாம். எடையைக் கிலோவில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, மறுபடியும் ஒரு முறை பெருக்குங்கள். வந்த எண்ணுக்கு இரண்டு தடவை வர்க்கமூலம் எடுங்கள். அதை 70ஆல் பெருக்குங்கள். 10 கிலோ நாய்க்கு 10 × 10 × 10 = 1000; முதல் வர்க்கமூலம் 31.6, இரண்டாவது 5.62, 70ஆல் பெருக்கினால் 394 கலோரி. இது சும்மா படுத்திருக்கவே தேவைப்படும் அளவு. கருத்தடை செய்த, வளர்ந்த வீட்டு நாய்க்கு இதை 1.6ஆல் பெருக்கினால் சுமார் 630 கலோரி வரும்.

இதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டமாகப் போகக் கூடாது. அதாவது 63 கலோரி. கேட்க நிறைய போலத் தெரியும். ஆனால் ஓர் அங்குலம் நீள அகல உயரமுள்ள சீஸ் கட்டி ஒன்றே ஏறக்குறைய 70 கலோரி. அன்றைய பங்கு அதோடு சரி. அதற்குப் பதிலாக உப்புப் போடாமல் வேகவைத்த, தோல் எலும்பில்லாத கோழிநெஞ்சு 10 கிராம் சுமார் 16 கலோரிதான். பட்டாணி அளவில் நறுக்கினால் அதிலேயே பத்துப் பன்னிரண்டு துண்டு தேறும்.  பெரிய துண்டு ஒன்றுக்குப் பதில் சின்னத் துண்டாகப் பல முறை கொடுக்கலாம். கேரட், வெள்ளரி, விதை எடுத்த ஆப்பிள் எல்லாம் இந்த அளவில் நறுக்கி வைத்துக்கொள்ளலாம்.

தின்பண்டம் கொடுத்த அளவுக்குத் தீனியைக் குறைக்க வேண்டும். பையில் 100 கிராமுக்கு 370 கலோரி என்று போட்டிருந்தால், மேலே சொன்ன நாய்க்குத் தின்பண்டம் இல்லாத நாளில் 170 கிராம், முழுப் பங்கும் போகும் நாளில் 153 கிராம். கோப்பையால் அளப்பது ஏமாற்றும். சமையலறைத் தராசு வையுங்கள்.

இந்தக் கணக்கு ஒரு தொடக்கம் மட்டுமே. சரியா தப்பா என்று சொல்வது விலா எலும்புதான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை விரல்களை விலாவின் மேல் அழுத்தாமல் ஓட்டிப் பாருங்கள். கையை நீட்டி, புறங்கை மேல் விரலை ஓட்டினால் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ அப்படித் தட்டுப்பட்டால் எடை சரி. முஷ்டி மடக்கிய கணுக்கள் போலத் துருத்தினால் மெலிவு. உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதைமேடு போல இருந்தால் எடை கூடிவிட்டது, அளவைக் குறைக்க வேண்டும்.

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் வீட்டில் நான்கு பேர் நான்கு கையால் கொடுத்தால் வீண். காலையில் அன்றைய பங்கு முழுவதையும் ஒரே டப்பாவில் போட்டு எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் வையுங்கள். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான். டப்பா காலியானால் கடை சாத்தியாகிவிட்டது. தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் இந்த டப்பா செய்யும் வேலையை எந்தப் புத்திமதியும் செய்யாது; கொடுக்காதீர்கள் என்று சொல்வதைவிட, இதிலிருந்து கொடுங்கள் என்று சொல்வதைத்தான் அவர்களும் கேட்பார்கள்.

மேசையடிப் பிச்சையை நிறுத்துவது

மேசையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, நீங்கள் நாய்க்குத் தெரியும்படி ஒரு பாய் அல்லது மெத்தை போடுங்கள். அடுத்த அறையில் போட்டால் வேலைக்கு ஆகாது. உங்களைப் பார்க்க முடியாத நாய் எழுந்து வரத்தான் செய்யும்.

முதல் சில நாள் சாப்பாட்டு வேளைக்குச் சம்பந்தமில்லாத நேரத்தில் பழக்குங்கள். பாயில் ஒரு துண்டு போடுங்கள். நாலு காலும் பாய்க்கு வந்ததும் இன்னொன்று. தானாகப் படுத்ததும் முன்னங்கால்களுக்கு நடுவே மூன்று துண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. துண்டு எப்போதும் பாயின் மேல்தான் விழ வேண்டும். கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டுக் கொடுத்தால் பாயை விட்டு எழுந்து வருவதற்குக் கூலி கொடுத்ததாக ஆகிவிடும். இடைவெளியை 5 நொடி, 10 நொடி, 20 நொடி என்று நீட்டுங்கள். முடிந்ததும் “போதும்” என்று ஒரே சொல்லைச் சொல்லி எழுப்பிவிடுங்கள். அந்தச் சொல் இல்லாவிட்டால் எப்போது எழுந்திருக்கலாம் என்பதை நாயே முடிவு செய்துகொள்ளும்.

அது பிடிபட்டதும், நாற்காலியில் வெறுமனே உட்கார்ந்து பாருங்கள். அடுத்து ஒரு தம்ளர் தண்ணீரோடு. அதற்கடுத்துத்தான் சாப்பாட்டுத் தட்டோடு. முதல் உண்மையான சாப்பாட்டின்போது 15 நொடிக்கு ஒரு துண்டு பாய்க்குப் போக வேண்டியிருக்கும். நிம்மதியாகச் சாப்பிட முடியாதுதான். ஒருவர் சாப்பிடாமல் இதற்கென்றே உட்கார்ந்தால் எளிது. பிறகு அரை நிமிடம், ஒரு நிமிடம், கடைசியில் ஒரு சாப்பாட்டுக்கு மூன்று நான்கு தடவை என்று குறையும்.

சொதப்புவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, எழுந்து வந்த நாயைத் திருப்பி அனுப்பிய உடனேயே துண்டு போடுவது. இரண்டு மூன்று முறையில் ‘எழு, போ, வாங்கு’ என்று அது ஒரு சுற்று அமைத்துக்கொள்ளும். திருப்பி அனுப்பினால், பாயில் 5 நொடியாவது இருந்த பிறகே துண்டு. இன்னொன்று, பழைய வழி பலிக்காதபோது குரைப்பும் சுரண்டலும் சில நாளைக்கு முன்னைவிட அதிகமாவது. அது பழக்கம் சாவதற்கு முந்தைய உச்சம். அப்போது பொறுக்க முடியாமல் ஒரு துண்டைத் தூக்கிப் போட்டால், இவ்வளவு நேரம் குரைத்தால்தான் கிடைக்கும் என்பது மனதில் பதிந்துவிடும். திட்டுவதும், “என்னடா வேணும்” என்று கெஞ்சுவதும்கூடக் கவனிப்புத்தான். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

தட்டை முகர்ந்துவிட்டுப் போகும் நாய்

தீனியை வைத்தோம், முகர்ந்தது, போய்விட்டது. மனசு கேட்காமல் மேலே கொஞ்சம் கோழிக்கறி போட்டோம், சாப்பிட்டுவிட்டது. மறுத்தால் நல்லது வரும் என்று அது தெரிந்துகொண்டது. இதற்கு மருந்து எளிது: தட்டை வைத்து 15 நிமிடம் காத்திருங்கள். பக்கத்தில் நின்று தாஜா பண்ண வேண்டாம். சாப்பிடாவிட்டால் ஒரு வார்த்தையும் பேசாமல் எடுத்துவிட்டு அடுத்த வேளைக்கு வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவு வையுங்கள். இடையில் டப்பாவும் திறக்கக் கூடாது. கறி சேர்க்க ஆசையென்றால் சேர்க்கலாம், ஆனால் தட்டு தரைக்கு வருவதற்கு முன்பே, தீனியோடு நன்றாகப் பிசைந்து. இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினாலே வாசனை எழும்பிப் பல நாய்கள் சாப்பிட்டுவிடும்.

இது நன்றாக இருக்கும், வளர்ந்த நாய்க்கு மட்டும். குட்டி, சர்க்கரை நோயுள்ள நாய், வேறு மருந்து சாப்பிடும் நாய் இவற்றிடம் கூடாது. எப்போதும் தட்டை வழித்து நக்கும் நாய் திடீரென்று மறுத்தால் அதை அடம் என்று நினைக்காதீர்கள், உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். ஒரு முழு நாள் எதையும் தொடாவிட்டாலோ, கூடவே வாந்தியோ சோர்வோ இருந்தாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். தீனியின் வகையை மாற்றுவதானால் 7 முதல் 10 நாளில் கால், அரை, முக்கால் பங்கு என்று கலந்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு வரலாம்.

பாசத்தில் நீட்டவே கூடாதவை சில உண்டு. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எந்த நாய்க்கு எவ்வளவு ஆபத்து என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால் ஒன்றுகூட வேண்டாம். வெங்காயமும் பூண்டும், வெந்திருந்தாலும், இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அறிகுறி தெரியச் சில நாள் ஆகலாம் என்பதால் நேற்றைய குழம்பைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாது. சாக்லேட் கருப்பாகக் கருப்பாக விஷம் அதிகம். சர்க்கரையில்லாத சூயிங்கத்திலும் சில வேர்க்கடலை வெண்ணெயிலும் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி, மிக விரைவில் இரத்தச் சர்க்கரையைத் தாழ்த்திவிடும். டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்காமல் கொடுக்காதீர்கள். வெந்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் குத்தும். தின்றுவிட்டது தெரிந்தால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கப் பார்க்க வேண்டாம், அதுவே தனி விஷம். என்ன, எவ்வளவு, எப்போது என்று குறித்துக்கொண்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சோபா யாருடையது

இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் என்று பயந்து நாயைச் சோபாவில் ஏற்றாத வீடுகள் உண்டு. சோபாவில் ஏறியதால் எந்த நாயும் தன்னை எசமானன் என்று நினைத்துக்கொள்வதில்லை; மெத்தென்று இருக்கிறது, மனித வாசனை இருக்கிறது, அதனால் ஏறுகிறது. ஏற்றுவதும் ஏற்றாததும் உங்கள் விருப்பம். ஆனால் ஒரு நாள் கொஞ்சி, ஒரு நாள் விரட்டினால் அதற்குக் குழப்பம்தான் மிஞ்சும். அதற்கென்று ஒரு போர்வை வைத்துக்கொள்ளுங்கள். போர்வை விரித்திருந்தால் ஏறலாம், மடித்து வைத்திருந்தால் கூடாது. கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் என்பதால் நாய்கள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை துவைக்கவும் வசதி.

“இறங்கு” என்பதைத் தள்ளிவிட்டுப் பழக்காதீர்கள். தரையில் ஒரு துண்டைப் போட்டு, குதிக்கும்போது அந்தச் சொல்லைச் சொல்லுங்கள். சில நாளில் சொல் முதலில், துண்டு பிறகு. இறக்கும்போது உறுமினால் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம், உறுமியதற்கு அடிக்கவும் வேண்டாம். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே கடி விழும். அப்படிப்பட்ட நாயிடம் சோபாவைக் கொஞ்ச நாள் மூடிவைத்துவிட்டு, நாய் நடத்தை தெரிந்த ஒருவரிடம் காட்டுவது நல்லது.

டாக்ஸ்ஹண்ட் போல முதுகு நீண்ட, கால் குட்டையான நாய்க்குச் சாய்பலகை அவசியம். தினமும் உயரத்திலிருந்து குதிப்பது அதன் தண்டுவட வட்டுகளுக்கு ஆகாது. வழுக்காத துணியைப் பலகையில் ஒட்டுங்கள், வழுக்கினால் இரண்டாவது முறை அதில் கால் வைக்காது.

காசில்லாத சுகங்கள்

பழைய குளியல் துண்டை விரித்து, ஒரு வேளைத் தீனியில் பாதியைத் தூவித் தளர்வாகச் சுருட்டிக் கொடுங்கள். மூக்கால் உருட்டி, காலால் பிரித்துத் தேடித் தின்னும். முதல் நாளே இறுக்கி முடிச்சுப் போட்டால் சலித்துப்போய் விட்டுவிடும், அல்லது துண்டையே கிழித்து விழுங்கும்; பக்கத்தில் இருங்கள், முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

உள்ளே குழிவான ரப்பர் பொம்மை இருந்தால், தீனிக்குச் சம அளவு வெந்நீர் ஊற்றி 20 நிமிடம் ஊறவைத்து, ஆறியதும் அதில் அடைத்து உறைபெட்டியில் 4 மணி நேரம் வையுங்கள். முதல் ஓரிரு முறை உறையவைக்காமலே கொடுத்துப் பழக்குவது நல்லது. வாய்க்குள் முழுதாகப் போகாத அளவு பொம்மையாக இருக்க வேண்டும். நீங்கள் சாப்பிடும் நேரத்தில் பாயில் கொடுக்க இதைவிடப் பொருத்தமானது இல்லை.

நடைக்கு வாரத்தில் சில நாளாவது 3 முதல் 5 மீட்டர் நீளக் கயிறு கட்டி, 20 நிமிடம் அது போகிற பக்கம் நீங்கள் போங்கள். ஒரே கம்பத்தை இரண்டு நிமிடம் முகர்ந்தாலும் இழுக்காதீர்கள். வேகமாக நடந்து களைப்பதைவிட இப்படி முகர்ந்து முடித்த நாய் வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கும்.

தடவிக் கொடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. உச்சந்தலையில் கையைக் கொண்டுபோவதைப் பல நாய்கள் பொறுத்துக்கொள்கின்றன, ரசிப்பதில்லை. நெஞ்சு, தாடைப் பக்கம், வாலின் அடிப்பகுதி இவற்றில் 3 நொடி தடவிவிட்டுக் கையை எடுங்கள். மூக்கால் கையை முட்டினாலோ சாய்ந்துகொண்டாலோ தொடரலாம். உதட்டை நக்குவது, கொட்டாவி, முகத்தைத் திருப்புவது, கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரிவது இவை போதும் என்பதன் அடையாளம். மல்லாந்து படுத்தால் வயிற்றைத் தடவச் சொல்கிறது என்றும் எப்போதும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உடம்பு விறைப்பாக, வாய் இறுக மூடியிருந்தால் அது விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சுவது.

எங்கே போனாலும் காலைச் சுற்றிக்கொண்டே வரும் நாயைத் தனியே இருக்கவும் பழக்க வேண்டும். அடைத்த பொம்மையைக் கொடுத்துவிட்டு வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி 30 நொடியில் திரும்புங்கள். ஒரு நிமிடம், மூன்று, ஐந்து, பத்து என்று ஏற்றுங்கள். நடுவில் சில முறை குறைத்தும் வையுங்கள், ஒவ்வொரு முறையும் நீண்டுகொண்டே போனால் அது கவனித்துவிடும். அழுவதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும். அழுதுவிட்டால் நேரம் அதிகமாகிவிட்டது என்று பொருள், அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். எச்சில் ஒழுக, கதவைப் பிறாண்டி, நீங்கள் இல்லாதபோது பிடித்த தின்பண்டத்தைக்கூடத் தொடாமல் இருந்தால் அது செல்லம் கூடியதால் வந்ததல்ல, பிரிவுப் பதற்றம். பயிற்சி மட்டும் போதாது, மருத்துவரிடம் பேச வேண்டும்.