இரு விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் பயண நேரமும்: கணக்கிடுவது எப்படி?

ஜப்பானின் நரிட்டாவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் எவ்வளவு தூரம், போய்ச் சேர எத்தனை மணி நேரம்? சயின்டிஃபிக் கால்குலேட்டர் ஒன்று போதும்.

1. அட்சரேகை, தீர்க்கரேகை

ஊரின் புள்ளியை எடுக்காதீர்கள். விமான நிலையத்தின் புள்ளியை எடுங்கள். டோக்கியோவுக்கு நரிட்டா, ஹனேடா என இரண்டு நிலையங்கள் உண்டு.

நரிட்டா: 35.76, 140.39
லாஸ் ஏஞ்சல்ஸ்: 33.94, −118.41

தெற்குக்கும் மேற்குக்கும் மைனஸ் குறி கட்டாயம். 35°30′ என்று கிடைத்தால் அது 35.50, 35.30 அல்ல.

2. தூரம்

கொசைன்(கோணம்) = சைன்(அட்ச1) × சைன்(அட்ச2) + கொசைன்(அட்ச1) × கொசைன்(அட்ச2) × கொசைன்(தீர்க்க வித்தியாசம்)

வித்தியாசம் 140.39 − (−118.41) = 258.80. முதல் பகுதி 0.3263, இரண்டாவது −0.1308, கூட்டினால் 0.1955. இதன் தலைகீழ் கொசைன் (கால்குலேட்டரில் cos⁻¹) 78.73 பாகை. பூமியின் மேல் ஒரு பாகை 111.19 கி.மீ. ஆக, தூரம் சுமார் 8,754 கி.மீ. பூமி சரியான உருண்டை இல்லை என்பதால் அரை சதவீதம் வரை பிசகலாம். நம் வேலைக்கு அது பொருட்டல்ல.

விடை 2,011 என்று வந்தால் மைனஸ் குறியை விட்டுவிட்டீர்கள். சம்பந்தமே இல்லாத எண் வந்தால் கால்குலேட்டர் ரேடியனில் (கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு) இருக்கிறது, பாகைக்கு மாற்றுங்கள். எக்செல் எப்போதும் ரேடியனில்தான் கணக்கிடும், அங்கே பாகையை முதலில் ரேடியனாக்க வேண்டும்.

இரண்டு நிலையங்களும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருப்பதால், நேர் கிழக்கே பறப்பதுதான் குறுக்குவழி என்று வரைபடம் ஏமாற்றும். அப்படிப் போனால் 9,234 கி.மீ., அதாவது 480 கி.மீ. கூடுதல். உலக உருண்டையில் இரு புள்ளிகளுக்கும் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள்: நூல் தானாகவே வடக்கே 48 பாகை வரை ஏறி இறங்கும். அதுதான் பெருவட்டப் பாதை.

3. பறக்கும் நேரம்

விமானம் பெருவட்டத்தை அப்படியே பின்பற்றாது. 3% சேர்த்தால் 9,017 கி.மீ. பெரிய ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு சுமார் 900 கி.மீ. இதோடு காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும், பலர் தவறுவது இங்கேதான். வட பசிபிக்கின் மேல் ஜெட் காற்றோட்டம் (மிக உயரத்தில் வேகமாக வீசும் காற்று) மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. குளிர்காலத்தில் இன்னும் பலமாக. காற்றின் வேகம் சராசரியாக மணிக்கு 80 கி.மீ. என்று வைத்துக்கொண்டால்:

போகும்போது: 9,017 ÷ 980 = 9 மணி 12 நிமிடம்
திரும்பும்போது: 9,017 ÷ 820 = 11 மணி

ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது ஆகியவற்றுக்கு அரை மணி சேருங்கள். ஒரே தூரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி வித்தியாசம்!

வான்வெளி மூடப்பட்டிருந்தால் 3% போதாது. 2022 முதல் ரஷ்யாவைச் சுற்றிப் போக வேண்டியிருப்பதால் லண்டன்–டோக்கியோ பயணம் சுமார் இரண்டு மணி நேரம் நீண்டுவிட்டது.

4. இறங்கும் நேரம்

உள்ளூர் நேரங்களை நேரடியாகக் கழிக்காதீர்கள். யுடிசி (உலகப் பொது நேரம்) வழியாகவே போங்கள். ஜப்பான் யுடிசி+9. லாஸ் ஏஞ்சல்ஸ் யுடிசி−8, கோடைகால நேரத்தில் −7. ஜனவரியில் செவ்வாய் மாலை 5 மணிக்குப் புறப்பட்டால் யுடிசி காலை 8. பயண நேரத்தைச் சுமார் பத்து மணி என்று வைத்துக் கூட்டினால் யுடிசி மாலை 6. லாஸ் ஏஞ்சல்ஸில் அதே செவ்வாய் காலை 10. ஏறிய நேரத்துக்கு முன்பே இறங்கியது போலத் தெரிவது பிழையல்ல. நடுவில் சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள்.