ஹியென் விமான மாடலில் பச்சை உரிந்து அலுமினியம் தெரிய வைப்பது எப்படி?

ஜப்பானிய போர் விமானம் என்றாலே வெள்ளித் திட்டுகள் வேண்டும் என்று எல்லா மாடலையும் சுரண்டாதீர்கள். அடியில் பிரைமர் (பெயின்ட் பிடிக்க முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) இருந்ததா என்று முதலில் பாருங்கள். மிட்சுபிஷி கட்டிய கடற்படைப் போர் விமானம் ஜீரோவில் செம்பழுப்பு பிரைமர் உண்டு. பெயின்ட் நன்றாகப் பிடித்திருக்கும், தேய்ந்தாலும் முதலில் தெரிவது அந்தச் செம்பழுப்புதான். ஜப்பானிய ராணுவத்தின் போர் விமானமான கி-61 ஹியென் அப்படியில்லை. பல விமானங்கள் கவாசாகி ஆலையிலிருந்து வெறும் அலுமினியமாகவே வந்தன. பச்சையைப் படைப்பிரிவுகள் பிரைமர் இல்லாமல் அடித்தன. அதனால்தான் அப்படி உரிந்தது.

கீழே இருப்பது 1/48 (நிஜத்தில் 48-ல் ஒரு பங்கு) ஹியெனுக்கு, ஹேர் ஸ்பிரே முறையில்: அலுமினியத்துக்கும் பச்சைக்கும் நடுவே ஹேர் ஸ்பிரே அடித்து, பிறகு தண்ணீரால் அதை இளக்கிப் பச்சையை உரிப்பது.

1. பளபளக்கும் கறுப்பு அடித்து, மேலே லாக்கர் வகை (காய்ந்தபின் தண்ணீருக்கு அசையாத பெயின்ட்) அலுமினியம் அடியுங்கள். அக்ரிலிக் வெள்ளி வேண்டாம், பச்சையோடு சேர்ந்து அதுவும் வந்துவிடும். ஒரு நாள் காயட்டும்.

2. ஜப்பானியச் சின்னமான சிவப்பு வட்டத்தை இப்போதே உலோகத்தின் மேல் லாக்கர் சிவப்பில் அடித்து, வட்ட மாஸ்க்கால் மூடுங்கள். ஆலையிலும் அது பச்சைக்கு முன்பே வந்தது. ஹேர் ஸ்பிரேக்குப் பிறகு டேப் ஒட்டினால் பெயின்ட்டைப் பிய்த்துக்கொண்டு வரும்.

3. இறக்கையிலும் வாலிலும் அசையும் பலகைகளான ஏலரான், எலிவேட்டர், ரட்டர் மூன்றையும் மூடிவிடுங்கள். அவை துணி போர்த்தியவை, அங்கே அலுமினியம் தெரியவே கூடாது. பலர் தவறுவது இங்கேதான்.

4. ஹேர் ஸ்பிரே: 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, மெல்லிசாக இரண்டு கோட், 20 நிமிடம் காயட்டும். கனமாக அடித்தால் மேலே வரும் பச்சை வறண்ட குளத்து மண்போல வெடிக்கும்.

5. பச்சைக்கு டமியா நிறுவனத்தின் எக்ஸ்எஃப்-13 அக்ரிலிக் பெயின்ட் போதும். சிக்கல் பெயின்ட்டை இளக்கக் கலக்கும் தின்னரில்தான். லாக்கர் தின்னர் கலந்தால் அது ஹேர் ஸ்பிரேயைத் துளைத்து உலோகத்தைக் கடித்துக்கொள்ளும்; பிறகு எவ்வளவு தேய்த்தாலும் உரியாது. டமியாவின் எக்ஸ்-20ஏ தின்னர் சம அளவு, கூடவே சில சொட்டு தண்ணீர். உலோகம் மறையும் அளவுக்கு மட்டும் அடியுங்கள்.

6. அரை மணி நேரத்துக்குள் உரிக்க ஆரம்பியுங்கள். மறுநாள் என்றால் பெயின்ட் இறுகிவிடும். அதனால் ஒரு இறக்கையை அடித்து உரித்து முடித்த பிறகே அடுத்தது. வெதுவெதுப்பான தண்ணீரைத் தடவி ஒரு நிமிடம் விடுங்கள். பழைய பிரஷ்ஷின் முடியை 4 மி.மீ. நீளத்துக்கு வெட்டி, அதன் நுனியால் குத்துங்கள், தேய்க்காதீர்கள். முதலில் ஊசிமுனைப் புள்ளிகள் வரும். பக்கத்துப் புள்ளிகள் சேர்ந்து திட்டாகும். 1 மி.மீ. திட்டு என்பது நிஜத்தில் 4.8 செ.மீ., அதை மனதில் வையுங்கள். ஆட்கள் மிதிக்கும், இறக்கை உடலோடு சேரும் இடம், எஞ்சின் மூடியின் ஓரங்கள், துப்பாக்கி மூடிகள், எரிபொருள் மூடி: இவற்றில் தாராளமாக. மற்ற இடங்களில் கை அடக்கம் வேண்டும்.

7. மிஞ்சிய ஹேர் ஸ்பிரேயைத் தண்ணீரால் கழுவி, ஓர் இரவு காயவிட்டு, மூடிவைத்த துணிப் பகுதிகளுக்கு அதே பச்சையை நேரடியாக அடியுங்கள். கடைசியாக லாக்கர் செமி கிளாஸ் (பாதிப் பளபளப்புள்ள நிறமற்ற பூச்சு). ஃபிளாட் (பளபளப்பே இல்லாதது) அடித்தால் அலுமினியம் செத்துச் சாம்பல் பெயின்ட்போல ஆகிவிடும்.

பிற்சேர்க்கை: வலேஹோ என்ற நிறுவனத்தின் அக்ரிலிக் பெயின்ட்டில் இதைச் செய்தால் பிளாஸ்டிக் தோல்போல ஒரே துண்டாகக் கழன்று வரும். கையில் அதுதான் இருக்கிறது என்றால் பிரஷ்ஷை விட்டுவிட்டு, ஈரப்படுத்திய பல்குச்சி முனையால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறி எடுங்கள்.