வில்லுப்பாட்டு எழுதுத பிள்ளைகளுக்கு: எடுங்க, ஆனா குருவடி பாடிட்டு எடுங்க

ஆடி கொடை, அதான் கோயில் திருவிழா, வரப்போவுது, காலேஜ் கலைவிழாவும் பின்னாடியே வரும், அதுக்குள்ள நாலஞ்சு பிள்ளைங்க எங்கிட்ட வந்து அண்ணே வில்லுப்பாட்டுக்கு ஸ்கிரிப்ட் எழுதணும் எங்கருந்து எடுக்கலாம்னு கேட்டுட்டாங்க. நல்ல கேள்விதான். முத்துப்பட்டன் கதையவோ சுடலைமாடன் கதையவோ யாரும் இனிமே புதுசா கண்டுபிடிக்கப் போறதில்ல, எடுத்துத்தான் ஆகணும். எப்படி எடுக்கணுங்கறதுலதான் எல்லாம் இருக்கு.

நான் காலேஜ் ரெண்டாம் வருசம் படிக்கும்போது ஒரு வில்லுப்பாட்டு செட்டோட (குழுவோட) ரெக்கார்டிங்கக் கேட்டு, அதுல வந்த ஆத்து வர்ணனைய இருபது வரி போல அப்படியே எழுதி, அங்கங்க ரெண்டு வார்த்தைய மாத்தி எங்க ஊர் கொடையில பாடிட்டேன். கைதட்டும் கிடைச்சுது. முடிஞ்சதும் பந்தக்காலு பக்கம் உக்காந்திருந்த ஒரு வயசான அண்ணாவி (பாட்டு வாத்தியார்) கூப்பிட்டு, "ஏல, அந்த ஆத்து வரி எங்க வாத்தியார் கட்டுனது, குருவடியில அவரு பேரு ஏன் வரல?"ன்னு மட்டும் கேட்டாவ. குருவடின்னா நமக்குச் சொல்லிக்குடுத்தவர வணங்கிப் பாடுத பாட்டு. எனக்கு வாயே எழும்பல. அவுக கேட்டது இன்னைக்கும் காதுல நிக்குது.

வில்லுப்பாட்டுல மொதல்ல காப்பு (சாமி வணக்கம்), அப்புறம் வருபொருள் (என்ன கதைன்னு சொல்லுதது), குருவடி, அவையடக்கம் (சபைக்குப் பணிவு சொல்லுதது), நாட்டு வளம், அதுக்குப் பிறகுதான் கதை, கடைசியில வாழி (வாழ்த்து). செட்டுக்கு செட்டு வரிசை கொஞ்சம் மாறும், ஆனா குருவடி இல்லாம இருக்காது. யாருகிட்ட படிச்சேன்னு கதைக்கு முன்னாடியே சபையில சொல்லிட்டுத்தான் வில்ல அடிக்குத வீசுகோல ஓங்கணும். இப்ப சோர்ஸ் போடு கிரெடிட் குடுன்னு சொல்லுதாங்கல்ல, அது நம்ம ஆட்கள் உடுக்க அடிச்சுக்கிட்டே பாடிட்டிருந்த விஷயம்தான். அதனால ஸ்கிரிப்ட் நோட்டுல மொத பக்கத்த காலியா விடுங்க. யாருகிட்ட கேட்டீங்க, எந்தப் புஸ்தகத்துல படிச்சீங்க, எந்த ரெக்கார்டிங்னு ஒவ்வொண்ணா அங்க ஏத்திக்கிட்டே வாங்க, கடைசியில எழுதிக்கிடலாம்னு விட்டா மறந்துரும், நான் பாத்துருக்கேன்.

நோட்டுல இடது பக்கம் கேட்டது படிச்சது, வலது பக்கம் உங்க சொந்த வரி. ரெண்டையும் கலக்கவே கூடாது. ஒரு மாசம் கழிச்சு திருப்பிப் பாக்கும்போது நல்ல வரி எல்லாம் நம்மளோடதுன்னே தோணும், பாதி களவு அப்படித்தான் நடக்குது, வேணும்னு எடுக்கவங்க கம்மிதான்.

இப்ப வார்த்தைய மாத்துனா போதும்ங்கற நினைப்புக்கு வாரேன், இதுலதான் எல்லாரும் விழுதாங்க. வாத்தியார் வரி இப்படி இருக்குன்னு வச்சுக்கிடுங்க (பொருநைன்னா தாமிரபரணிதான்):

பொதிகையில பொறந்து வாரா பொருநை
பூமுகத்துல மஞ்சப் பூசி வாரா

நான் செஞ்ச மாதிரி மாத்துனா இப்படி வரும்:

மலையில உதிச்சு வாரா தாமிரபரணி
மதிமுகத்துல குங்குமம் வச்சு வாரா

பாத்தா வார்த்தையெல்லாம் வேற மாதிரி தெரியும், ஆனா பொறப்பு, அடுத்து முகம், முகத்துல பூச்சு, முடிவுல வாரான்னு அவரு போட்ட தடத்துலயே நாம நடந்துருக்கோம். ஆத்த பொண்ணா பாக்குறது எல்லாருக்கும் சொந்தம், அத யாரும் எடுக்கலாம். அந்த அடுக்கு அவரோடது. மெட்டும் அப்படித்தான், சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகனுக்குக் காவடிச்சிந்து பாடுனாரு, அந்த மெட்டுல பின்னால எத்தனையோ பேரு எழுதிட்டாங்க, யாரும் தப்புன்னு சொல்லல. மெட்ட எடுங்க, அவரு வரிய எடுக்காதீங்க.

சரி, அப்ப என்ன செய்யணும்? நேர்ல போய் பாருங்க. 2023 டிசம்பர் வெள்ளத்துல தாமிரபரணியில இருக்க குறுக்குத்துறை முருகன் கோயில் முங்குச்சுல்ல, தண்ணி வடிஞ்ச பிறகு நான் போனேன், மண்டபத்து தூணுல ஆளு உயரத்துக்கும் மேல வைக்கலும் கிழிஞ்ச துணியும் சுத்திக் கெடந்துச்சு, பக்கத்துல ஒரு அக்கா காயப்போட்டிருந்த சேலை போயிருச்சுன்னு பேசிக்கிட்டு நின்னாவ. வீட்டுக்கு வந்து எழுதுனேன்:

தூணு கழுத்துல வைக்கல் மால போட்டுட்டுப் போனா
தொவச்ச அக்கா சேலையவும் உடுத்திட்டுப் போனா

இங்கயும் ஆத்தப் பொண்ணாத்தான் பாத்துருக்கேன். ஆனா இது எந்த ரெக்கார்டிங்லயும் கிடைக்காது. படிச்சத மூடி வச்சு, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் நோட்டப் பாக்காம எழுதுனா உங்க வாய்ப்பேச்சு தானா வரும்.

கதையவே முழுசா எடுக்கலாமான்னு கேப்பீங்க. எடுக்கலாம். அபிஷேகப்பட்டியில நம்ம மனோன்மணியம் சுந்தரனார் யுனிவர்சிட்டிக்குப் பேரு எங்கருந்து வந்துச்சு, சுந்தரம் பிள்ளை 1891-ல போட்ட மனோன்மணீயம் நாடகத்துலருந்து. அது லிட்டன்ங்கற இங்கிலீஷ்காரரு கதையத் தழுவுனது, தமிழ் படிச்சவங்களுக்குத் தெரிஞ்ச விஷயம்தான். ஆனா சுந்தரம் பிள்ளை பாண்டிய ராஜாவ மதுரையிலருந்து கிளப்பி திருநெல்வேலிக்குக் கொண்டாந்து கோட்டை கட்ட வச்சாரு, நாஞ்சில் நாட்டுக்காக சேரனோட மல்லுக்கு நிக்க வச்சாரு. தமிழ்த்தாய் வாழ்த்தும் அந்த நாடகத்துப் பாட்டுதான். எடுத்த கதைய நம்ம மண்ணுல இவ்வளவு தூரம் நட்டாத்தான் அது தழுவல்.

சட்டத்தச் சுருக்கமா சொல்லிருதேன். 1957 காப்புரிமைச் சட்டப்படி எழுதுனவரு இறந்து 60 வருசம் வரைக்கும் உரிமை அவரு குடும்பத்துக்கோ வாங்குனவங்களுக்கோ இருக்கும். பாரதி எழுத்த 1949-லயே அரசு வாங்கிருச்சு, புதுமைப்பித்தன் எழுத்து 2002-ல நாட்டுடைமை ஆச்சு. இதெல்லாம் யாரும் அச்சுப்போடலாம், ஆனா அவங்க பேர எடுத்துட்டு உங்க பேர போட்டா அது களவுதான். கரு யாருக்கும் சொந்தமில்ல, சொன்ன விதம்தான் சொந்தம்னு சுப்ரீம் கோர்ட்டே 1978-ல சொல்லிருக்கு. வில்லுப்பாட்ட வச்சு பிஎச்டி பண்ணுதவங்க இன்னும் கவனமா இருங்க, 2018 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி பத்து சதவீதத்துக்கு மேல அடுத்தவங்க எழுத்தோட ஒத்துப்போனா ஆய்வேட்ட திருப்பி எழுதச் சொல்லுவாங்க, அறுபதத் தாண்டுனா பதிவே ரத்து.

ஆச்சிகள்ட்ட பாட்டு வாங்கும்போது செல்போன மடியில மறைச்சு வச்சு ரெக்கார்டு பண்ணாதீங்க, தயவுசெஞ்சு. ஆச்சி இத எடுத்துக்கிடட்டுமா, மேடையில பாடலாமான்னு கேளுங்க, பேரு ஊரு தேதிய நோட்டுல எழுதுங்க. சிலபேரு எம்பேரு வேண்டாம்பாவ, அப்ப ஊரு பேர மட்டும் சொல்லுங்க. சில பாட்ட சாமி வரும்போதுதான் பாடுவாவ, வெளிய பாடாதன்னா பாடாதீங்க, எவ்வளவு நல்ல பாட்டா இருந்தாலும் சரி.

எழுதி முடிச்சதும் இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் பக்கத்துல வச்சு சத்தமா படிங்க. தொடர்ந்து அஞ்சாறு வார்த்தை ஒட்டுனா ஒண்ணு அத விடுங்க, இல்லன்னா இது இன்னாரு வரின்னு பாட்டுலயே சொல்லிட்டுப் பாடுங்க. அதுக்கப்புறம் அந்த செட்டு அண்ணாவிய நேர்ல பாத்து ஒரு தடவ பாடிக்காட்டுங்க, கொடைக்கு ஒரு வாரம் முன்னாடியே போங்க, அவுக மாத்தச் சொன்னா மாத்த நேரம் வேணும்லா.